மூக்கு மறக்காது

திருச்சி பஞ்சப்பூரில் புதுப் பேருந்து முனையம் திறப்பதற்கு முந்தைய தீபாவளிகளில் மன்னார்புரம் ரவுண்டானாவைக் கடந்தவர்களுக்கு அந்தக் காட்சி நினைவிருக்கும். மத்தியப் பேருந்து நிலையம் தாங்காது என்று மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் போகும் பஸ்களை இங்கே சர்வீஸ் ரோட்டோரம் வரிசையாக நிறுத்திவைப்பார்கள். தகரப் பந்தல், ஒலிபெருக்கி, போலீஸ் விசில். அணைக்காமல் உறுமிக்கொண்டிருக்கும் இன்ஜின்களின் டீசல் புகை, பக்கத்துக் கடைக் கல்லில் பரோட்டா எண்ணெய், அதற்கும் கீழே அப்போதுதான் விட்ட ஐப்பசி மழையின் ஈரம்.

அந்தக் கூட்டத்தில் பஸ் ஏறுவதற்கு முன் எலுமிச்சம்பழம் தேடி அலைகிற பெண்கள் சிலர் கட்டாயம் இருப்பார்கள். ஜன்னலோரம் இடம் பிடித்ததும் நகத்தால் தோலை லேசாகக் கீறி மூக்கருகே வைத்துக்கொள்வார்கள். வண்டி கிளம்பவே வேண்டாம், டீசல் வாடை பட்டாலே வயிறு புரட்டும். அதே வண்டியின் டிரைவரோ இன்ஜின் சூட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அதே புகைக்குள் நிம்மதியாக டீயில் பன்னைத் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். சென்னையிலிருந்து வந்து இறங்கி முதுகுப்பையோடு நிற்கும் இளைஞனுக்கு அந்த டீசலும் சால்னாவும் கலந்த வாசனைதான் ஊர் வந்துவிட்டது என்பதற்கு அத்தாட்சி.

ஒரே புகைக்கு மூன்று பேர் மூன்று விதமாக நடந்துகொள்கிறார்கள். இதில் எது புகையின் குணம், எது அந்த மனிதர்களின் குணம்?

நேரே உள்ளே

கண்ணும் காதும் அனுப்பும் சேதிகள் மூளைக்குள் நுழைந்ததும் தாலமஸ் என்ற இடத்துக்குப் போகின்றன. ஜங்ஷன் ஆர்.எம்.எஸ்ஸில் தபால் பிரிப்பதுபோல அங்கே பிரிபட்டுத்தான் உரிய இடங்களுக்குச் சேரும். மூக்கின் சேதி மட்டும் அங்கே நிற்பதில்லை. மூக்கின் மேல்கூரையில் இருக்கும் நரம்பு செல்கள் அதை முகர்குமிழுக்குக் கொடுக்க, அங்கிருந்து பயத்தையும் பாசத்தையும் கையாளும் அமிக்டலாவுக்கும் நினைவைப் பதியும் ஹிப்போகேம்பஸின் சுற்றுப்புறத்துக்கும் ஓரிரு தாவலில் போய்விடுகிறது. அதனால்தான் ஒரு வாசனை வந்தால் முதலில் மனசு மாறுகிறது. அது என்ன வாசனை என்று பெயர் சொல்ல வாய் அப்புறம்தான் தடுமாறுகிறது.

மூக்கு எப்படி வாசனைகளைப் பிரித்தறிகிறது என்பதே ரொம்ப காலம் புதிராக இருந்தது. அமெரிக்காவின் ரிச்சர்ட் ஆக்செலும் லிண்டா பக்கும் 1991-ல் முகர் ஏற்பிகளுக்கான மரபணுக் குடும்பத்தைக் கண்டுபிடித்தார்கள். 2004-ல் மருத்துவ நோபல் வந்தது. மனிதனுக்குச் செயல்படும் ஏற்பிகள் சுமார் 400 வகை. ஒரு மூலக்கூறு பல ஏற்பிகளைத் தட்டும், ஒரு ஏற்பி பல மூலக்கூறுகளுக்குத் திறக்கும். இந்தச் சேர்க்கைகளில்தான் மல்லியும் மண்ணெண்ணெயும் வேறுபடுகின்றன. ஆனால் இந்த 400-ல் எதிலும் ‘இது நல்லது, இது கெட்டது’ என்ற முத்திரை கிடையாது. முத்திரை குத்துவது வாழ்க்கை.

எலுமிச்சம்பழப் பெண்களுக்கு அது எப்படிக் குத்தப்பட்டிருக்கும் என்று ஊகிப்பது சுலபம். சின்ன வயதில் ஏதோ ஒரு பயணம், நெரிசல், வாந்தி. அப்போது மூக்கில் இருந்தது டீசல். உடம்பு இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டது. ஜான் கார்சியா என்ற அமெரிக்க உளவியலாளர் 1950-களில் எலிகளுக்கு இனிப்புத் தண்ணீர் கொடுத்து, கூடவே வயிற்றைக் குமட்டவைக்கும் கதிர்வீச்சையும் கொடுத்தார். அப்புறம் அந்த எலிகள் இனிப்புத் தண்ணீரை ஒதுக்கின. குமட்டலோடு சேர்ந்த பாடத்துக்கு மறுபடி மறுபடி பயிற்சி வேண்டாம், ஒரு தடவை போதும் என்பதை அந்த வகைச் சோதனைகள் காட்டின. கீமோதெரபி எடுத்துக்கொண்டவர்களைக் கேளுங்கள். சிகிச்சை முடிந்து வருடங்கள் ஆன பிறகும் ஆஸ்பத்திரி வாசலில் லோஷன் வாடை பட்டதும் சிலருக்குக் குமட்டும்.

முடிச்சு நல்லவிதமாகவும் விழும். நாகப்பட்டினத்திலிருந்து ரயில்வே பணிமனை பொன்மலைக்கு வந்தது 1928-ல். அப்போதிருந்து மூன்று தலைமுறைப் பிள்ளைகளுக்கு, சங்கு ஊதியதும் வீடு திரும்பும் காக்கிச் சட்டையின் கிரீஸ் வாடைதான் அப்பா. ஏதாவது ஒரு மெக்கானிக் கடையைக் கடக்கும்போது காரணம் தெரியாமல் நின்றுவிடுகிற அறுபது வயதுக்காரரைப் பொன்மலையில் தேட வேண்டியதில்லை.

இந்த நினைவுகளின் வயதையும் அளந்திருக்கிறார்கள். ஸ்வீடனில் வில்லாண்டர், லார்சன் என்ற இருவர் முதியவர்களிடம் சொல், படம், வாசனை மூன்றையும் கொடுத்துப் பழைய நினைவுகளைக் கேட்டார்கள். 2006-ல் முடிவு வெளியானது. சொல்லும் படமும் வாலிப வயதைக் கொண்டுவந்தன; வாசனை கொண்டுவந்ததில் பெரும்பங்கு பத்து வயதுக்கு முந்தையது. அதற்காக வாசனை வழியே வரும் நினைவு துல்லியமானது என்று நம்பிவிட வேண்டாம். தேதியும் விவரமும் மற்ற நினைவுகளைப்போலவே குழம்பித்தான் கிடக்கும். உணர்ச்சி மட்டும் புத்தம் புதிதாக வரும்.

நக்கீரர் கட்சி

வாசனை இயற்கையில் இருக்கிறதா, நாம் ஏற்றிவைப்பதா என்ற வழக்கு தமிழர்களுக்குப் புதிதல்ல. 1965-ல் வந்த ‘திருவிளையாடல்’ படத்தில் தருமியாக நாகேஷும் நக்கீரராக ஏ.பி.நாகராஜனும் மோதும் காட்சியின் அடிப்படையே அதுதான். பெண்ணின் கூந்தலுக்கு மணம் பிறவியிலேயே உண்டு என்கிறது ஒரு கட்சி. பூவும் பிற வாசனைப் பொருளும் ஏற்றிய மணமே என்கிறது நக்கீரர் கட்சி. சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்தும் நக்கீரர் இறங்கிவரவில்லை. கூந்தல் விஷயத்தில் தீர்ப்பு எப்படியோ போகட்டும். வாசனை கிளப்பும் உணர்ச்சி என்ற விஷயத்தில் ஆய்வுக்கூடங்களின் தீர்ப்பு பெரும்பாலும் நக்கீரர் பக்கம்தான் சாய்ந்திருக்கிறது.

இதற்கு ஆய்வாளர்கள் அடிக்கடி காட்டும் சாட்சி ஒரு தைல வாசனை. மெத்தில் சாலிசிலேட் என்ற பொருளை 1960-களில் பிரிட்டனில் முகரக் கொடுத்தபோது அது மிக மோசமான வாசனைகளில் ஒன்றாக மதிப்பெண் வாங்கியது. 1970-களில் அமெரிக்காவில் கொடுத்தபோது பிடித்த வாசனைகளில் முதல் வரிசை. ஏன்? பிரிட்டனில் அந்தத் தலைமுறை அதை முகர்ந்தது யுத்தகாலத்து வலி மருந்துகளில். அமெரிக்கக் குழந்தைகள் முகர்ந்தது மிட்டாயிலும் சூயிங்கத்திலும். உளவியலாளர் ரேச்சல் ஹெர்ஸ் இந்த இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டிய பிறகு இது எல்லோரும் சொல்லும் உதாரணமாகிவிட்டது.

அந்த ஆய்வாளர்கள் திருச்சிக்கு வரவில்லை. வந்திருந்தால் மூன்றாவது விடை கிடைத்திருக்கும். நமக்கு மெத்தில் சாலிசிலேட் என்றால் யுத்தமும் இல்லை, மிட்டாயும் இல்லை. பாட்டி. ராத்திரி தலைமாட்டில் இருக்கும் மஞ்சள் தைல டப்பா, சளி பிடித்த நெஞ்சில் சூடு பறக்கத் தேய்க்கும் கை. கூடவே கோடாலித் தைலம். சிங்கப்பூர்க்காரர்கள் ஊருக்கு வரும்போது சொந்தக்காரர், பக்கத்து வீடு, பள்ளி வாத்தியார் என்று தலைக்கு ஒரு குப்பி கொடுத்துவிட்டுப் போவார்கள். மன்னார்புரத்திலிருந்து டி.வி.எஸ். டோல்கேட் வழியாகப் புதுக்கோட்டை ரோட்டைப் பிடித்தால் கொஞ்ச தூரத்தில் விமான நிலையம். சிங்கப்பூரும் கோலாலம்பூரும் வளைகுடாவும் இந்த மாவட்டத்துக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் பக்கத்து ஊர்கள் மாதிரிதான். 2024-ல் பெரிய புது முனையம் வந்துவிட்டது; பெட்டிகளைக் கயிறு போட்டுக் கட்டுவது மட்டும் நிற்கவில்லை.

அந்தப் பெட்டியைத் திறக்கும் நிமிஷம் இருக்கிறதே, அதை முகர்ந்தவர்கள் விளக்கச் சொன்னால் திணறுவார்கள். வாசனை சோப்பு, சாக்லேட், பவுடர், கசிந்த கோடாலித் தைலம், வளைகுடாப் பெட்டி என்றால் கொஞ்சம் ஊது அத்தர், மடித்த புதுத் துணி. எல்லாம் சேர்ந்து ஒரே வாசனை. அதற்கு ‘ஃபாரின் வாசனை’ என்று பெயர். பிள்ளைகளுக்கு அது திருவிழா. அந்த வீட்டுப் பெண்ணுக்கு அதுவே இரண்டு அர்த்தம்: வந்திருக்கிறார், லீவு முடிந்தால் போய்விடுவார். அவர் போன பிறகு காலிப் பெட்டியைப் பரணில் ஏற்றும்போது உள்ளே இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். இப்போது அதே சோப்பும் சாக்லேட்டும் தில்லைநகர் சூப்பர் மார்க்கெட்டிலேயே கிடைக்கின்றன. வாங்கி முகர்ந்து பார்த்தால் சோப்பு வாசனை வருகிறது, ஃபாரின் வாசனை வரவில்லை.

இதற்கு எதிர்த்திசையில் போன திருச்சி வாசனையும் ஒன்று உண்டு. உறையூரில் சுருட்டிய சுருட்டு, திண்டுக்கல் புகையிலையில் செய்தது, ஊர்ப் பெயராலேயே லண்டன் வரை விலைபோயிற்று. சர்ச்சில் அதற்கு ரசிகர். 1887-ல் ஷெர்லாக் ஹோம்ஸ் முதன்முதலாக அறிமுகமான நாவலிலேயே, கிடைத்த சாம்பல் திருச்சினாப்பள்ளிச் சுருட்டின் சாம்பல் என்று அவர் கண்டுபிடித்துவிடுகிறார். லண்டன் கனவானுக்கு அந்தப் புகை அந்தஸ்து. உறையூர்ப் பேரனுக்குத் திண்ணையில் படுத்திருந்த தாத்தா. இன்று அங்கே சுருட்டுத் தொழில் சுருங்கிப் போய்விட்டது. சுருட்டை யாராவது அருங்காட்சியகத்தில் வைத்துவிடுவார்கள், வாசனைக்குத்தான் இடமில்லை.

சாத்தார வீதி

ஸ்ரீரங்கம் சாத்தார வீதியில் பூ மார்க்கெட். எட்டரை, கோப்பு, போசம்பட்டி என்று சுற்றுப்பட்டிலிருந்து மூட்டை மூட்டையாக இறங்குகிறது. மல்லி அரும்பு காலையில் வரும்போது பெரிதாக மணக்காது. பொழுது சாய்ந்து வாய் திறக்கும்போதுதான் முழு மணமும் வரும். அதனால் காலை நேரத்தில் வீதியை ஆள்வது மல்லி அல்ல, ஈரச் சாக்கும் வாழைநாரும் துளசிக் கட்டும் மரிக்கொழுந்தும்தான்.

மல்லிகையின் மணத்தை வேதியியல்காரர்கள் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். அதில் இந்தோல் என்று ஒரு பொருள் சிறிதளவு உண்டு. அதே இந்தோல் மலத்திலும் உண்டு. முகம் சுளிக்க வேண்டாம். அந்தத் துளி இல்லாவிட்டால் மல்லி வெறும் சோப்பு மாதிரி மணக்கும் என்பார்கள் அத்தர் தொழில்காரர்கள். நெய்யிலும் இப்படி ஒரு ரகசியம் இருக்கிறது. வெண்ணெய்க்கும் நெய்க்கும் அந்தத் தனி வாடையைக் கொடுப்பவற்றில் ஒன்று பியூட்டிரிக் அமிலம். வாந்தியின் நாற்றத்திலும் அதே ஆள்தான். ஹெர்ஸும் அவருடைய சகாவும் 2001-ல் பியூட்டிரிக் அமிலம் சேர்ந்த ஒரு கலவையை ஒரு தடவை ‘சீஸ்’ என்றும் இன்னொரு தடவை ‘வாந்தி’ என்றும் சொல்லி ஒரே ஆட்களிடம் கொடுத்தார்கள். பெயர் மாறியதும் பிடித்ததும் பிடிக்காததும் தலைகீழாயிற்று. திருவானைக்காவல் பார்த்தசாரதி விலாஸ் வாசலில் நெய் ரோஸ்ட்டுக்காகக் காத்திருப்பவர்களிடம் இதைச் சொல்லிப் பயனில்லை. அங்கே பெயர்ப்பலகை வேலையை முடித்துவிட்டது.

பூவுக்கு வருவோம். சாத்தார வீதியில் கட்டும் சம்பங்கி மாலை கல்யாணத்துக்கும் போகிறது, கருமாதி வீட்டுக்கும் போகிறது. ரோஜாவும் அப்படியே. பூவுக்குப் பேதம் கிடையாது. ஆனால் சம்பங்கியும் ஊதுபத்தியும் ஒரு கூடத்தில் கலந்தால் நம்மில் பலருக்கு நெஞ்சு கனத்துப்போகிறது. கண்ணாடிப் பெட்டி, ஐஸ், சுவரோரம் நாற்காலிகள் எல்லாம் கண்முன் வந்துவிடும். குறிப்பிட்ட பிராண்டு ஊதுபத்தியை வீட்டுக்குள்ளேயே விடாதவர்கள் இருக்கிறார்கள். கேட்டால் ‘சாவு வீட்டு வாசனை’ என்பார்கள். அந்தக் கம்பெனி செய்த குற்றம், அன்றைக்கு அந்த வீட்டில் அது எரிந்தது மட்டும்தான்.

கட்டுகிறவர்களுக்கு இந்தச் சங்கடம் இல்லை. அரும்பைத் தொட்டுத் தொட்டு விரல் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். மணக்கிறதா என்று கேட்டால் சிரிப்பார்கள். மாறாத வாசனையை மூக்கு சில நிமிடங்களிலேயே கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறது. புதிதாக வருவதைக் கவனிக்க இடம் வேண்டுமல்லவா? வாசனைக்கு மத்தியில் வேலை பார்ப்பவர்களுக்கு வாசனை இல்லை என்பது இந்தத் தொழிலின் விசித்திரம். மாசிக் கடைசியில் சமயபுரத்தில் பூச்சொரிதல் தொடங்கி, கூடை கூடையாகப் பூ போய் அம்மன் மேல் விழும்போது அதை முகர்ந்து கிறங்குபவர்கள் வெளியூர்க்காரர்கள்தான்.

கோயிலுக்குள் வேறு கணக்கு. ஸ்ரீரங்கத்து மூலவர் சுதைத் திருமேனி. அதனால் தண்ணீர் அபிஷேகம் கிடையாது, தைலக்காப்புத்தான். உற்சவருக்கு நடக்கும் ஆனி ஜேஷ்டாபிஷேகத்துக்குக் காவிரியிலிருந்து தங்கக் குடத்தில் தீர்த்தம் யானை மேல் வருவதைப் பார்க்கக் கூட்டம் கூடும். நூற்றாண்டுகளாக ஊறிய தைலமும் சந்தனமும் புகையும் கலந்த அந்தக் கருவறை வாசனையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் வெளிநாட்டில் இருக்கும் ஸ்ரீரங்கத்துக்காரர்களைக் கேட்டால் முதலில் சொல்வது ராஜகோபுரத்தை அல்ல, தீர்த்தத்தை. உள்ளங்கையில் விழும் அந்த ஒரு கரண்டித் தண்ணீரில் பச்சைக் கற்பூரம், துளசி, ஏலம். கொஞ்சம் பச்சைக் கற்பூரத்தை டப்பாவில் வாங்கிப்போய், அங்கே குழாய்த் தண்ணீரில் போட்டு முகர்ந்து பார்த்துவிட்டு, ‘அது மாதிரி இல்லை’ என்பார்கள். இருக்காது. வரிசையில் நின்ற இரண்டு மணி நேரமும் முன்னால் நின்றவரின் ஈர வேட்டியும் அதில் இல்லையே.

கந்தகத்தின் வேலை

பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சாப்பாடு என்றால் பூண்டு இல்லாமல் இல்லை. பூண்டைச் சுட்டுக் கொடுப்பார்கள், பாலில் வேகவைத்துக் கொடுப்பார்கள், மருந்துக் குழம்பில் பல் பல்லாகப் போடுவார்கள். பால் ஊறும் என்பது காரணம். 1991-ல் ஜூலி மெனெல்லா, கேரி பொசாம்ப் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் தாய்மார்களுக்குப் பூண்டு கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு மணி நேரத்தில் தாய்ப்பாலிலேயே பூண்டு வாடை ஏறியது. குழந்தைகள் முகம் திருப்பும் என்று எதிர்பார்ப்போம். அவை வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் மார்பில் ஒட்டிக்கொண்டிருந்தன. மனிதன் ஓர் ஊரின் சமையலறையோடு அறிமுகமாவது சோறு ஊட்டும் நாளில் அல்ல. அதற்கு ரொம்ப முன்னால்.

பூண்டின் வாடைக்குக் காரணம் கந்தகச் சேர்மங்கள். மூக்கு இந்த இனத்திடம் மட்டும் மிகக் கறாராக இருக்கிறது. காற்றில் துளியூண்டு இருந்தாலும் பிடித்துவிடும். இதைப் பயன்படுத்தித்தான் கேஸ் சிலிண்டருக்கு வாடை சேர்க்கிறார்கள். எரிவாயுவுக்குச் சொந்த வாடை கிடையாது. 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து நியூ லண்டன் என்ற ஊரில், வாடையே இல்லாமல் கசிந்த எரிவாயு பள்ளிக்கூடத்தையே வெடித்துத் தகர்த்தது. மாணவர்களும் ஆசிரியர்களுமாகச் சுமார் 300 பேர் செத்தார்கள். அதன்பிறகே வாடை சேர்ப்பது சட்டமாயிற்று. இன்று நம் சமையலறை சிலிண்டரில் கலப்பது மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மம். அந்த வாடை வந்தால் கை தானாக ஜன்னலைத் திறக்கிறது. ஒரு சமூகமே முடிவெடுத்து, ஒரு வாடைக்குப் பயம் என்ற உணர்ச்சியை ஒட்டவைத்த கதை இது.

இன்னொரு கந்தகம் காப்பியில் இருக்கிறது. வறுத்த கொட்டையின் மணத்துக்கு மிக முக்கியமான பொருள்களில் ஒன்று ஃப்யூரன்மெத்தேன்தியால். கொரோனாவுக்குப் பிறகு நடந்த கூத்தில் இதற்குப் பெரிய பங்கு. 2020, 2021-ல் வாசனை போனவர்களில் பெரும்பாலோருக்கு அது திரும்பிவிட்டது. ஆனால் சிலருக்குக் கோணலாகத் திரும்பியது. ஸ்ரீரங்கத்து உத்தர வீதிக்காரருக்குக் காலை டிகாக்ஷன் சாக்கடையாக நாறினால் எப்படி இருக்கும்? அதுதான் நடந்தது, உலகம் முழுக்க. பிரிட்டனின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் ஜேன் பார்க்கர் குழுவினர் காப்பியின் மணத்தைத் தனித்தனியாகப் பிரித்து, இப்படிப்பட்டவர்களுக்குக் கொடுத்துப் பார்த்து 2022-ல் வெளியிட்டார்கள். அதிகம் பேரை வதைத்தது மேலே சொன்ன அதே பொருள்தான்.

சாப்பாடு ருசிக்கவில்லை என்பதைவிட, கைக்குழந்தையின் உச்சந்தலை மணக்கவில்லை, கட்டியவரின் சட்டை யாருடையதோ மாதிரி இருக்கிறது என்பதுதான் வாசனை இழந்தவர்களை உள்ளுக்குள் அரித்தது. மனச்சோர்வுக்கும் முகர்திறன் இழப்புக்கும் தொடர்பு உண்டு என்பது கொரோனாவுக்கு முன்பே தெரிந்த விஷயம். மருத்துவம் கையில் வைத்திருக்கும் வழி ரொம்ப எளிமையானது. ஜெர்மனியின் டிரெஸ்டனில் தாமஸ் ஹும்மல் 2009-ல் முன்வைத்த முகர்பயிற்சி: ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு, காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் சில விநாடி, சுமார் 12 வாரம். நாலுமே பெரிய கடைவீதியில் ஒரே நடையில் வாங்கிவிடக்கூடியவை. எல்லோருக்கும் பலிப்பதில்லை, பலருக்குப் பலிக்கிறது. காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

மழையும் மீனும்

அக்கினி நட்சத்திரத்தில் வெந்து கிடக்கும் திருச்சியில் கோடை மழையின் முதல் பத்துத் துளிக்கு வீட்டுக்குள் இருப்பவர்கள் எல்லோரும் வாசலுக்கு வந்துவிடுவார்கள். அந்த மண்வாசனையை ஆராய்ந்து 1964-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதிய ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இசபெல் பேர், ரிச்சர்ட் தாமஸ். உத்தரப் பிரதேசத்தில் இதே வாசனையைச் சுட்ட மண்ணிலிருந்து காய்ச்சி ‘மிட்டி அத்தர்’ என்று விற்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். மறுவருடமே அதில் முக்கியப் பொருளுக்கு ஜியோஸ்மின் என்று பேர் வைத்தாயிற்று. மண்ணில் வாழும் ஒருவகை பாக்டீரியா செய்வது. ஒரு லட்சம் கோடியில் ஒருசில பங்கு இருந்தாலே நம் மூக்கு கண்டுகொள்ளும்.

அதே ஜியோஸ்மின் ஆற்று மீனிலும் குளத்து மீனிலும் ஏறினால் அதற்குப் பேர் சேற்று வாடை. முக்கொம்புப் பக்கம் வாங்கிய கெண்டையையும் கெளுத்தியையும் வீட்டில் உப்பும் புளியும் போட்டு அலசு அலசு என்று அலசுவது இதற்காகத்தான். ஜியோஸ்மின் அமிலத்தில் சிதைந்துபோகும். புளித்தண்ணீர் அந்த வேலையைச் செய்கிறது. மழைக்கு வாசலில் நின்று நெஞ்சு நிறைய இழுத்த வாசனையை, அடுப்படியில் புளி போட்டுக் கொல்கிறோம்.

மீன் என்றதும் நினைவுக்கு வருகிறது, திருச்சியில் வாடகைக்கு வீடு தேடுவது. மன்னார்புரம், காஜாமலை, ஸ்ரீரங்கம் எங்கே போனாலும் சில வாசல்களில் முதல் கேள்வி வேலையைப் பற்றியோ அட்வான்ஸைப் பற்றியோ இருக்காது. ‘நீங்க சைவமா?’ என்று நேராகக் கேட்பவர்கள் உண்டு. சாதியைக் கேட்கக் கூச்சப்படுபவர்கள் ‘எங்களுக்கு ஒண்ணும் இல்லீங்க, மீன் கருவாடு வாடை மாடிக்கு ஆகாது’ என்பார்கள். மூக்கின் மேல் பழியைப் போட்டுவிட்டால் பேச்சு முடிந்தது. மூக்கோடு யார் வாதாடுவது? கைக்குழந்தைக்கு எதிலும் அருவருப்பு கிடையாது. தன் கழிவிலேயே கையை அளையும். வீடுதான் பிறகு மெல்ல மெல்ல முகம் சுளிக்கக் கற்றுக்கொடுக்கிறது. எதற்குச் சுளிப்பது என்பதோடு யாரைப் பார்த்துச் சுளிப்பது என்பதும் அந்தப் பாடத்திலேயே அடங்கிவிடுகிறது. ஊர்க் குப்பையெல்லாம் அரை நூற்றாண்டாக அரியமங்கலத்தில் 47 ஏக்கரில் மலையாகக் குவிந்து, தீப்பிடித்துப் புகைந்தபோது, அந்தப் பக்கத்துக் குடித்தனங்களுக்கு அது பழகிப்போயிருக்கும் என்று மற்றவர்கள் சாதாரணமாகச் சொன்னார்கள். மூக்குக்குப் பழகும். நுரையீரலுக்குப் பழகாது.

வாடகை வீட்டு மாடிக்குத் திரும்புவோம். அந்த அடுக்களையில் வெங்காயம் பூண்டு சேராத நாள்களில் சாம்பாருக்கும் ரசத்துக்கும் உயிர் கொடுப்பது பெருங்காயம். ஆப்கானிஸ்தான், ஈரான் மலைகளில் விளையும் ஒரு செடியின் வேர்ப்பால். இந்தியா தானே பயிரிட்டுப் பார்க்க 2020-ல்தான் இமாச்சலத்தின் லாஹூல் பள்ளத்தாக்கில் நாற்று நட்டது. அதன் வாடைக்கும் கந்தகச் சேர்மங்கள்தான் காரணம், பூண்டைப் போலவே. ஐரோப்பியர்கள் அதைப் பிசாசின் மலம் என்றே அழைத்தார்கள். ஜெர்மன்காரர்கள் இன்றும் அப்படித்தான் அழைக்கிறார்கள். கட்டிப் பெருங்காய டப்பாவைத் திறந்துவைத்துவிட்டு மாடிப்படியில் இறங்கி வந்தால் கீழ்வீடு வரை வாடை வரும். திருச்சியில் பெருங்காயம் போட மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு வீடு கொடுத்தவர் யாரும் இல்லை.